எல்லைக்கல்லில் நின்ற அய்யா

அத்தியாயம் 14

பாண்டித்துரையைப் பற்றி நல்லதாக ஒரு வரியாவது எழுதக் கூடாதா என்று போன வாரம் இரண்டு வாசகிகள் கேட்டிருந்தார்கள். எழுதலாம். மனுஷர் நன்றாகத் தூங்குவார்.

அதற்கு மேல் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கதைக்கு வருவோம்.

வேம்பங்குளம் மகளிர் குழுவின் தலைவி மாரிச்செல்வி, குண்டு மிளகாய் மூட்டைகளோடு டெல்லிக் கண்காட்சிக்கு ரயிலேறியது நினைவிருக்கும். பன்னிரண்டு நாள் பயணம். பன்னிரண்டு வயது முத்தழகும் ஆறு வயது மருதுபாண்டியும் அப்பன் பொறுப்பில். "பிள்ளைய பாக்குறது ஒரு வேலையா? நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்று ராமநாதபுரம் ஸ்டேஷனில் பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னவர் பாண்டித்துரை. அவர் நல்ல வார்த்தை பேசுவதே பத்துப் பேர் இருக்கும் இடத்தில்தான்.

ஊரில் காளியம்மன் பங்குனிப் பொங்கல். காப்புக் கட்டும் முறை நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை பாண்டித்துரையின் வகையறாவுக்கு வரும். அந்த வீட்டு ஆண் ஒருவர் வலது மணிக்கட்டில் மஞ்சள் முடிந்த கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து எட்டு நாள் கோயிலிலேயே படுக்கை. வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவிச்சி, புகை, குடி எதுவும் ஆகாது. கடைசி நாள் முதல் அக்கினிச் சட்டி அவர் கைக்கு, பரிவட்டம் அவர் தலைக்கு.

"இந்த வருஷம் உங்க தம்பி கட்டட்டும், நீங்க பிள்ளைகளோட இருங்க" என்று மாரிச்செல்வி கேட்டதும், பாண்டித்துரை பெரிய மனதோடு தலையாட்டியதும், தம்பி பாண்டீஸ்வரன் புதுவேட்டி வாங்கியதும் எல்லாம் நடந்தது. திங்கட்கிழமை அவள் ரயிலேறினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூசாரி கூத்தையா கயிற்றோடு நின்றபோது, தம்பியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அண்ணன் தன் கையை நீட்டினார்.

பக்தி என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை ஒரு வேளைப் பாத்திரத்தை அவர் தேய்த்துப் பார்த்தார். அவ்வளவுதான். குழம்புச் சட்டியின் அடியில் பிடித்தது போகவில்லை. அந்தச் சட்டிதான் அவரை அம்மனிடம் துரத்தியது.

இதில் இன்னொரு வேடிக்கை. காப்புக் கட்டியவர் கடையில் சாப்பிடக் கூடாது. சொந்த வீட்டு அடுப்பில், குளித்த கையால் சமைத்ததுதான் சாப்பிட வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே பெண் முத்தழகு. எனவே ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை விடியுமுன் எழுந்து, குளிர்ந்த தண்ணீரில் குளித்து, தகப்பனுக்குச் சமைத்து, தம்பியைக் கிளப்பி, தூக்குச்சட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த தகப்பனை, நான்கு நாளாகப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

மாரிச்செல்விக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் பாண்டித்துரை போனை இடது கையில் பிடித்துக்கொள்வார். வலது கை துண்டுக்குள் இருக்கும். தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று சொல்லி வைத்திருந்தார். "ஐயோ, தைலம் தேச்சீகளா?" என்று அவள் அங்கிருந்து பதறுவாள். தேய்த்தேன் என்பார்.

சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் லீவு. இட்லியைத் தின்று முடித்த பாண்டித்துரை ஏப்பம் விட்டார். முத்தழகு காலித் தூக்குச்சட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். கோயில் முன்னால் கூத்தையா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சமயம் பார்த்துப் பாண்டித்துரை மகனைப் பக்கத்தில் இழுத்தார்.

"ஏலே மருது, பின்னால பந்தல் பலகை அடுக்கியிருக்குல்ல, அதுக்கு அடியில ஒரு பாக்கெட்டு இருக்கும். எடுத்துட்டு வா. யாரும் பாக்கக் கூடாது. யாருகிட்டயும் சொல்லவும் கூடாது. என்ன?"

"சரிங்கய்யா."

சிகரெட் பாக்கெட். விரதம் எட்டு நாள், ஆசையை அதில் பாதி நாள் கூட அடக்க முடியவில்லை. வியாழக்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை மூன்று. குனிந்து எடுத்தால் வேட்டியில் மண் ஒட்டும், பூசாரி கேட்பார் என்று அன்றைக்குப் பையனை அனுப்பினார்.

பலகைக்கு அடியில் முந்தின ராத்திரி ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அது பாண்டித்துரைக்குத் தெரியாது. மருதுவுக்கும் தெரியாது. அவன் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுப் பாக்கெட்டை எடுத்துவிட்டான். எழுந்து திரும்பும்போது நாய் கெண்டைக்காலைக் கவ்வியது.

பையன் அலறினான். ஓடி வந்த பாண்டித்துரை நாயை விரட்டினார். அடுத்து என்ன செய்தார் தெரியுமா? சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மகனின் காலைப் பார்த்தார்.

"கத்தாதலே! வாய மூடு!"

"என்னப்பா சத்தம்?" என்றார் முன்பக்கமிருந்து கூத்தையா.

"ஒண்ணுமில்லண்ணே, கல்லு தடுக்கிருச்சு."

முத்தழகு தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு பல் நன்றாக இறங்கியிருந்தது. ரத்தம் கணுக்கால்வரை வழிந்தது.

"நாயாய்யா?"

"குட்டியத் தூக்கப் போயிருக்கான், வாலு. சொன்னாக் கேட்டாத்தான?"

மருது அழுகையை நிறுத்திவிட்டுத் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவன் சொல்லவில்லை. கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இருந்த யோக்கியதை அது. தகப்பனுக்கு இல்லை.

முத்தழகு தம்பியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று அவளுடைய அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். கழுவினாள். அவன் துடித்தான். அவள் நிறுத்தவில்லை.

பாண்டித்துரை பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார். "மஞ்சளும் மிளகாத்தூளும் வச்சுக் கட்டு, எல்லாம் சரியாப் போகும். நம்ம வீட்டுல இல்லாத மிளகாயா?"

"ஊசி போடணும்ய்யா. இன்னைக்கே போடணும். கமுதி ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க."

"ஏத்தா, அறிவிருக்கா ஒனக்கு? கையில காப்பு இருக்கு. எல்லையத் தாண்டலாமா?"

"அப்ப வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. கூத்தையாத் தாத்தாகிட்ட நாங் கேக்குறேன்."

"ஏய், ஏய்! வாயத் தொறந்த, பாத்துக்க. காப்புக் கட்டுனவன் மகன நாய் கடிச்சிருச்சுன்னா சகுனம் சரியில்லம்பாய்ங்க. கயித்த அவுத்து ஒஞ் சித்தப்பன் கையில கட்டிட்டுத்தான் மறுவேல பாப்பாய்ங்க. பொங்கலு முடியட்டும். புதன்கிழம நானே கூட்டிட்டுப் போறேன்."

"புதன்கிழமையா?"

"நாலு நாளு. நாலு நாளுல என்ன வந்துரப் போகுது?"

"நாய்க்கு வெறி இருந்துச்சுன்னா செத்துருவாகய்யா. அதுக்கப்புறம் மருந்தே கெடையாதுன்னு டீச்சர் சொன்னாக."

"குட்டி போட்ட நாய்டி அது, வெறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சாமி காரியத்துல வெளையாடாத. ஆத்தா கோவிச்சுக்கிட்டா ஊருக்கே ஆகாது."

முத்தழகு சோப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந் தம்பி செத்துப்போனா ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டாளா?"

பாண்டித்துரை திரும்பி நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்ல முடியாத நேரத்தில் எல்லாம் அவர் நிழலுக்குத்தான் போவார்.

பத்தே முக்காலுக்குக் கமுதி போகும் ரோஸ் கலர் பஸ் உண்டு. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. முத்தழகு வீட்டுக்குப் போய் அம்மாவின் மஞ்சப்பையில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் ஆதார் கார்டுகளும் எடுத்து வைத்தாள். அம்மா விட்டுப் போன பழைய போனையும் எடுத்துக்கொண்டாள். கண்ணாடி உடைந்த போன், ஆனால் பேசும். தம்பியை இடுப்பில் தூக்கி வைத்தாள். கனத்தான். பஸ் நிற்கும் இடம்வரை மூன்று தடவை இறக்கி இறக்கித் தூக்கினாள்.

வேம்பங்குளத்தில் பஸ் நிற்பது எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி. பஸ் வந்து நின்றபோதுதான் பாண்டித்துரைக்கு விஷயம் தெரிந்து ஓடி வந்தார். வேகமாகத்தான் வந்தார். கல் வந்ததும் நின்றார்.

"ஏத்தா முத்தழகு! எறங்கு! நாஞ் சொல்றேன்ல, எறங்குத்தா!"

ஜன்னலோரம் மருது உட்கார்ந்திருந்தான். "அய்யா, நீங்களும் வாங்க" என்று கையை நீட்டினான்.

நடந்தால் பத்தடி. ஏறி உட்கார்ந்திருந்தால் இந்தத் தொடரில் அவரை இனிமேல் மரியாதையாக எழுதியிருப்பேன். பாண்டித்துரை கல்லைப் பார்த்தார், கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், ரோட்டில் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். பையனின் காலை மட்டும் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வா, ஒன்னய வச்சுக்கிறேன்!" என்றார் மகளிடம்.

பஸ் கிளம்பியது. மருதுவுக்கு அரை டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர், காலில் ரத்தம் ஊறிய துண்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

கமுதி ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்குப் பொறுப்பு நர்ஸ் ருக்ஸானா. ஆள் படபடவென்று பேசுவாள். கை மட்டும் நிதானம்.

"யாரு கூட்டிட்டு வந்தது?"

"நாந்தேங்கா."

"நீயா? பெரியவங்க யாரும் இல்லையா? அப்பா இல்லையா?"

"இருக்காக."

"எங்க இருக்காரு?"

"ஊர் எல்லையில நிக்கிறாக."

ருக்ஸானா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். "யாரு கழுவுனது? சோப்புப் போட்டியா? சபாஷ்டா. பாதி வைத்தியம் நீயே பாத்துட்டே." அந்த வாரத்தில் முத்தழகை யாராவது மெச்சியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். கடித்த இடத்தைச் சுற்றி மருந்து, இரண்டு புஜத்திலும் ஒவ்வொரு ஊசி. மருது உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான். ஆனால் வலது கை மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

"அந்தக் கையக் குடு ராசா."

கையை மாற்றிக்கொண்டான். வலது கை வெளியே வந்தது, இடது கை குறுக்கே வந்து அதே பையைப் பொத்திக்கொண்டது.

"அப்படி என்னடா வச்சிருக்க பொக்கிஷம்?"

"சொல்லக் கூடாது" என்றான்.

ருக்ஸானா சிரித்துவிட்டுச் சீட்டில் தேதி எழுதினாள். "அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை. ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது. அன்னைக்கு அப்பா வரணும்."

செவ்வாய்க்கிழமை பொங்கல். முதல் அக்கினிச் சட்டி. முத்தழகு சீட்டை வாங்கி இரண்டாக மடித்தாள்.

"அம்மா நம்பர் சொல்லு" என்று ருக்ஸானா தன் போனை எடுத்தாள். முத்தழகுக்குப் பயம் வந்தது. அம்மாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பது தகப்பனின் உத்தரவு. ஆனாலும் சொன்னாள்.

"பயப்படாதீங்கம்மா, நல்லா இருக்கான். ஊசி போட்டாச்சு... உங்க பொண்ணுதான் கூட்டிட்டு வந்துச்சு, தனியா... இல்லம்மா, அவரு வரலை. ஊர் எல்லையில நிக்கிறாராம்."

மாரிச்செல்வி அதே மண்ணில் பிறந்தவள். பங்குனி மாதம் ஓர் ஆண் ஊர் எல்லையில் ஏன் நிற்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிடித்துக்கொண்ட தோள்பட்டை, துண்டுக்குள் இருந்த கை, எல்லாம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கியிருக்கும்.

போன் முத்தழகின் கைக்கு வந்தது.

"சாப்பிட்டீகளாத்தா?"

"இல்லம்மா."

"மொதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க. ஊரு பஸ்ஸு ஏறுனதும் அந்தப் பழைய போன்ல கூப்புடு. எறங்குற வரைக்கும் கட் பண்ணாத. மொகத்தப் பாக்கணும்."

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் முத்தழகு அழுதாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழ வேண்டிய அழுகைதான், சுவரோரம் உட்கார்ந்து, சத்தமாக. ருக்ஸானா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு பேருக்கும் ஊட்டிவிட்டாள். முன்பின் தெரியாதவள் செய்தாள்.

சாயங்காலம் ஐந்து மணி. திருவிழா நாட்களில் அந்த நேரத்துக்கு எல்லைக்கல்லில் விளக்குப் போடுவார்கள். மேளம், கூத்தையா, இருபது முப்பது ஆண்கள். நடுவில் குளித்து, சந்தனம் பூசி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாண்டித்துரை. கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அவர் உரிமை. தம்பி பாண்டீஸ்வரன், காப்புக்கென்று வாங்கிய புதுவேட்டியோடு ஓரமாக நின்றான்.

பஸ் வந்தது. முத்தழகு ஒரு கையில் போனும் மறு கையில் தம்பியுமாக இறங்கினாள். பாண்டித்துரை மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு கூட்டத்துக்கு முன்னால் வந்தார்.

"எங்கத்தா போயிட்டு வாறீக? கால்ல என்ன கட்டு?" என்றார் கூத்தையா.

"கமுதிக்குண்ணே, பொங்கலுக்குத் துணியெடுக்க" என்று பாண்டித்துரை முந்திக்கொண்டார். "காலைல கல்லு தடுக்குச்சுன்னு சொன்னேன்ல."

முத்தழகு தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை நான் எந்தப் பிள்ளையின் கண்ணிலும் பார்க்க விரும்பமாட்டேன். அசிங்கத்தை மிதித்துவிட்டுக் காலைப் பார்ப்பார்களே, அப்படி.

மருது அக்காவின் கையை விட்டான். நொண்டி நொண்டிக் கல்வரை வந்தான். காலையிலிருந்து பொத்தி வைத்திருந்த பைக்குள் கையை விட்டு, கசங்கிப்போன பாக்கெட்டை எடுத்து, கல்லுக்கு மேலாகத் தகப்பனிடம் நீட்டினான்.

"இந்தாங்கய்யா, பலகைக்கு அடியில நீங்க எடுக்கச் சொன்னது. நாய் கடிச்சும் நான் விடல. யாருகிட்டயும் சொல்லலய்யா. நர்ஸ் அக்கா கேட்டாக, அவுககிட்ட கூடச் சொல்லல."

மேளம் நின்றது.

பாண்டித்துரை வாங்கிக்கொள்ளவில்லை. பையனின் கை நீட்டியபடியே இருந்தது. பாராட்டுவார் என்று அவன் காத்திருந்தான். கூத்தையா பாக்கெட்டைப் பார்த்தார், காலில் இருந்த கட்டைப் பார்த்தார், சந்தனம் பூசிய நெஞ்சைப் பார்த்தார். பாண்டீஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லைக்கல்லைத் தாண்டி, மருதுவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"ஏதோ சின்னப் பய தெரியாம..." என்று பாண்டித்துரை ஆரம்பித்தார்.

முத்தழகு போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். உடைந்த கண்ணாடிக்குள் மாரிச்செல்வி இருந்தாள். பின்னால் மிளகாய் மூட்டைகள், வந்து போகும் ஜனங்கள். பஸ் ஏறியதிலிருந்து அவள் லைனில்தான் இருந்தாள். துணியெடுக்கப் போன கதையையும் கேட்டாள், மகன் சொன்னதையும் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. மூட்டையை எடை போடும்போது தராசு முள்ளைப் பார்ப்பாள் அல்லவா, அந்தப் பார்வை.

"ஏங்க" என்றாள். அத்தனை ஆண்களுக்கும் கேட்டது. "கையக் காட்டுங்க."

பாண்டித்துரை செம்பைக் கீழே வைத்தார். பழக்க தோஷத்தில் வலது கை துண்டுக்குள் போனது. இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தக் கை இல்ல" என்றாள் மாரிச்செல்வி.